நீலம் மேலேதான் நின்றது

நீல ஐஸ் கட்டியை என் மகள் இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடித் தொட்டியின் இடது மூலையில் மெல்ல இறக்கினாள். அவள் விரல் நுனி குளிரில் சிவந்திருந்தது. பள்ளிக்கூட ஹாலில் மின்விசிறிகள் கடகடவென்று சுற்றின. சுற்றி நின்ற பிள்ளைகள் கழுத்தை நீட்டினார்கள். எதிரே, மதிப்பெண் தாளோடு, பரிசோதனைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வந்த பெரிய மனிதர்.

ஐஸ் கரையத் தொடங்கியது. நீலம் நூல் நூலாகப் பிரிந்தது. அது கீழே இறங்கி, தொட்டியின் அடியில் ஊர்ந்து, வலது மூலைவரை போக வேண்டும். நான்கு நாள் எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது. அன்று போகவில்லை. எண்ணெய் படர்வதுபோல மேலேயே படர்ந்து நின்றது.

அந்த மனிதர் சிரித்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. போன வாரம் நாங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். நிதானமாக எழுதுகிறீர்கள் என்று இதழ்க்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். இந்த வாரம் என்னிடம் நிதானம் கிடையாது.

அண்டார்ட்டிக்காவுக்கு நீலம்

முன்பு எழுதியதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. துணி வெளுப்பது என் தொழில். கொச்சங்காடியில், கிட்டங்கிகளுக்குப் பின்னால், காயல் என்கிற உப்பங்கழிக்குப் பக்கத்தில் எங்கள் சலவைக்களம் இருக்கிறது. பத்துக் குடும்பத்துக்கு ஒரு கிணறு. ஹோட்டல் விரிப்புகள்தான் பெரும்பாலும் வரும். நான் தென்காசிப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்ததோடு இங்கே வந்தவன். என் மகள் அபிநயா அப்போது ஆறாம் வகுப்பு, மலையாள மீடியம்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள். "அப்பா, கடலுக்குள்ள புழ ஓடுது, தெரியுமா?"

"புழ"தான் அவளுக்கு ஆறு, "வெள்ளம்"தான் தண்ணீர். அவள் பேச்சு இரண்டு மொழிக்கும் நடுவில் நடக்கும்.

"கடலுக்குள்ள எப்படிட்டீ ஆறு ஓடும்?"

"ஓடும். பூமியோட அந்தத் தலையில ஐஸ் இருக்கில்லா, அங்க வெள்ளம் குளிர்ந்து கனமாகி அடியில போயிரும். அடியிலேயே ஊர்ந்து ஊர்ந்து இங்க வரும். சூடு வெள்ளம் மேல போகும். கடல் சும்மா நிக்கவே நிக்காதுப்பா."

அதை ஒரு தொட்டியில் செய்து காட்டலாமாம். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, ஒரு மூலையில் நிறம் போட்ட ஐஸ், மறு மூலையில் வேறு நிறத்தில் சுடுதண்ணீர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வருகிறது. நன்றாகச் செய்தால் எர்ணாகுளத்தில் நடக்கும் பெரிய கண்காட்சிக்கு அனுப்புவார்கள். அவளுக்கு அதுதான் ஆசை. படகுத்துறையில் நின்று அக்கரைக் கட்டடங்களைக் காட்டி, "அங்க போய்ச் செய்வேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொட்டி என்னிடம் இருந்தது. ஒரு ஹோட்டலில் விரிசல் விட்டது என்று தூக்கிப் போட்ட மீன் தொட்டி. பசை வைத்து அடைத்து வைத்திருந்தேன். நிறத்துக்கு எங்கே போவது என்று அவள் யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "நம்மகிட்ட இல்லாத நீலமாட்டீ?"

வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசலில் நீலம் போடுவோம். சொட்டு விட்டதும் அது புகைபோலச் சுருண்டு இறங்கும். வெயிலில் கிடந்த தண்ணீரில் ஒரு மாதிரி இறங்கும், அப்போதுதான் இறைத்த தண்ணீரில் வேறு மாதிரி இறங்கும். நாற்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். இது ஒரு பாடம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பீட்ரூட்டை வேகவைத்துச் சிவப்புத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள் என் மனைவி இசக்கி. முதல் நாள் வீட்டில் செய்து பார்த்தபோது மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்திருந்தோம். நீலம் அடியில் ஊர்ந்தது. சிவப்பு மேலே மிதந்து எதிர்ப்பக்கம் வந்தது. ஒன்றையொன்று தொடாமல் இரண்டும் கடந்து போயின. நடுவில் தண்ணீர் தெளிவாக இருந்தது.

இசக்கிதான் முதலில் எழுந்தாள். "இதுக்கா இவ்வளவு பாடு? துணிக்கு நீலம் போடுற மாதிரில்லா இருக்கு."

"அம்மா, இது அண்டார்ட்டிக்கா!"

"இருக்கட்டும். அண்டார்ட்டிக்காவுக்கு நீலம் குடுத்தது உங்க அப்பாதான்னு எழுதி வை."

நல்ல தண்ணீர், மற்ற தண்ணீர்

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் இப்படிப்பட்ட தவறு வரும்.

எங்கள் வீட்டில் தண்ணீர் ஒன்று அல்ல. பச்சைக் குடத்தில் இருப்பது குடிக்க. மஞ்சள் குடத்தில் இருப்பது உலைக்கு. இரண்டும் குழாய்த் தண்ணீர். அதை நாங்கள் நல்ல தண்ணீர் என்போம். மற்ற எல்லாவற்றுக்கும் களத்துக் கிணறு. நல்ல தண்ணீரில் யாராவது கை கழுவினால் இசக்கி கத்துவாள். குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ஊரில் வேறு எப்படி வாழ்வது? எங்கள் தெருவில் இருந்து கால் மணி நேரம் நடந்தால், நீச்சல் குளம் வைத்த ஹோட்டல் இருக்கிறது. அந்தக் குளத்தருகில் போடும் துண்டுகளை வெளுப்பவன் நான்தான்.

அது மாசி மாதம். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு காயல் தெருவுக்குள் வந்துவிட்டது. மழை இல்லை, காற்று இல்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கடல் பொங்கும் நேரத்தில் காயல் நிறைந்து, ஓடை வழியாக ஏறி, முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. இங்கே அதற்கு வேலியேற்றம் என்று பெயர். முன்பெல்லாம் எப்போதாவது வரும். இப்போது வருடத்தில் பல தடவை வருகிறது. யார் யாரோ வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எங்கள் கிணற்றின் கைப்பிடிச் சுவர் தாழ்வு; அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனது. பிறகு வடிந்தது. இரண்டு நாளில் கிணறு தெளிந்தும் விட்டது. பார்த்தால் பளிங்கு. ஆனால் சோப்பு நுரைக்கவில்லை. துணியை வேறு களத்துக்கு அனுப்பிவிட்டு, கிணற்றை இறைக்க மோட்டாருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். கண்காட்சி நாளையும் சேர்த்து மூன்று நாள் குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

கண்காட்சி அன்று காலையில் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். இசக்கி பச்சைக் குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இருக்கதே ஒரு குடம். இதையா கொண்டு போய்க் கண்ணாடியில ஊத்தப் போறீங்க?"

"இல்லட்டீ. பார்க்கத்தானே, யாரு குடிக்கப் போறா?"

இரண்டு கேனில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஐஸ் மட்டும் நல்ல தண்ணீரில் செய்தது, முந்தின வாரமே குளிர்ப்பெட்டியில் உறைய வைத்தது. அவ்வளவுதான் நடந்தது. நாற்பது வருடம் தண்ணீரோடு வாழ்ந்தவன், உப்புத் தண்ணீர் கனமான தண்ணீர் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

எட்டு பாட்டில்

நீலம் இறங்காததைப் பார்த்ததும் அபி பயந்துபோய்ச் சிவப்பையும் ஊற்றினாள். சிவப்பும் மேலேயே பரவியது. இரண்டும் கலந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு படலமாக நின்றது. அடியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. பிள்ளைகள் "கத்தரிக்கா, கத்தரிக்கா" என்று சிரித்தார்கள்.

"எந்தா மோளே இது? நீலம் அடியில் அல்லே போகேண்டது?" என்றார் அந்தப் பெரிய மனிதர். என்னம்மா இது, நீலம் அடியில் அல்லவா போக வேண்டும் என்று கேட்டார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவராம்.

"ஆமா சார். வீட்டுல அடியில போச்சு. இங்க மேல நிக்குது."

"ஏன் மேல நிக்குது?"

"தெரியல சார்."

தெரியல என்றாள் என் பிள்ளை. அந்த ஹாலில் அன்று அதைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். படித்த மனிதராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எந்தத் தண்ணீர் ஊற்றினாய்? மூன்று சொல். கேட்கவில்லை. அவள் நோட்டை எடுத்துப் பார்த்தார். அதில் அன்று கண்டதை எழுதும் இடத்தில் பென்சிலால், 'நீலம் மேலே நின்றது' என்று அவள் மலையாளத்தில் எழுதியிருந்தாள்.

"இதை அழிச்சுட்டு, நீலம் அடியில போச்சுன்னு எழுது."

"போகலையே சார்."

"புத்தகத்தில அப்படித்தான் இருக்கு."

"ஆனா போகல சார். மேலதான் நிக்குது, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மேடைமேல் விருந்தினர் மேசை இருந்தது. வெள்ளை விரிப்பு, என் கையால் வெளுத்ததாகக்கூட இருக்கலாம். அதன்மேல் எட்டு தண்ணீர் பாட்டில்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு மூடி வைத்த பாட்டில்கள். நான் எண்ணினேன். அந்தத் தண்ணீரை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஐஸைப் போட்டிருந்தால் நீலம் பாம்புபோல இறங்கியிருக்கும். மூன்று நாளாக எங்கள் தெருவில் குழாயில் காற்றுதான் வந்தது. இங்கே எட்டு பாட்டில்.

அப்போதுதான் தொட்டியின் ஓரத்தில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. கடலைப் பற்றிய பரிசோதனை. தொட்டியில் இருந்ததும் கடல்தான், எங்கள் கிணற்றுக்குள் ஏறி வந்த கடல். அதன்மேல் நல்ல தண்ணீர் மிதக்காமல் என்ன செய்யும்?

நான் விரலை நாக்கில் வைத்ததை அபி பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அவள் முகம் தெளிந்தது.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இவளுடைய அப்பாவா? நீங்களே சொல்லுங்கள். நீலம் எங்கே போகும்? கீழேதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா சார்" என்றேன். "கீழதான் போகும் சார்."

தலையாட்டும் தலை

இந்த இடத்தை எழுதும்போது என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

எனக்குக் கூட்டம் ஆகாது. நான்கு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் பேச்சே "சரி சார்" என்பதுதான். அது வேலை செய்தது. சோறு போட்டது.

இளவயதில் ஒரு தடவை, ஒரு ஹோட்டலில் விரிப்பில் சூட்டுத்தழும்பு இருக்கிறது, நீதான் எரித்தாய் என்று மேலாளர் சொன்னார். அது சிகரெட் சுட்ட ஓட்டை. வட்டமாக, சுண்டுவிரல் நுனி அளவில். இஸ்திரிப் பெட்டி அப்படிச் சுடாது. என் சட்டைப்பையில் எப்போதும் குறி போடும் பேனா இருக்கும். எந்தத் துணி யாருடையது என்று மூலையில் அடையாளம் எழுதுகிற பேனா, கொதிக்க வைத்தாலும் போகாத மை. துணி வாங்கும்போதே அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நான் ஒரு புள்ளி வைத்திருந்தேன், வரும்போதே இருந்தது என்பதற்கு. அந்தப் புள்ளி அவர் கட்டை விரலுக்குக் கீழே இருந்தது. விரலை எடுங்கள் என்று சொல்ல முடியவில்லை. "ஆமா சார்" என்றேன்.

அதை அன்றே மறந்தேன் என்று நினைத்திருந்தேன். அது விரிப்பு. நான் இரண்டாவது தடவை தலையாட்டியபோது எதிரே நின்றது என் பிள்ளை.

அபி அழவில்லை. ரப்பரை எடுத்து எழுதியதை அழித்தாள். அழுத்தி அழித்ததில் தாள் சுருங்கியது. நீலம் அடியில் போனது என்று எழுதினாள். அவர் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே கடையில் வாங்கிய எரிமலை ஒன்று நுரை கக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கைதட்டினார்கள்.

ஆட்டோவில் வரும்போது ஒன்றுதான் கேட்டாள். "நீங்களும் பார்த்தீங்கல்லா அப்பா?"

பிறகு என்னோடு பேசவில்லை.

இரண்டு டம்ளர்

வீட்டில் கேட்க வேண்டியதை இசக்கி கேட்டாள். "அந்த ஆளு யாரோ, எவரோ. அவரை விடுங்க. பிள்ளை கண்ணால கண்டதை இல்லைன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு? மத்த நேரமெல்லாம் வாயே வராதே!"

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஆள்மேல், எட்டு பாட்டில்மேல், கிணற்றின்மேல். சுற்றிச் சுற்றிக் கடைசியில் என்மேல் வந்து நின்றது.

அபி எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் அம்மாவிடம் சொன்னாள். நான் ஒரு கை தூரத்தில் இருப்பேன். "அம்மா, ஃபீஸ் கட்டணும்னு அப்பாகிட்ட சொல்லு." "அம்மா, அப்பா என் பேனா மேல உக்காந்திருக்காங்க, சொல்லு." இசக்கியும் சிரிக்காமல் எனக்குச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. கிணற்றை இன்னும் இறைக்கவில்லை. இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் நீல ஐஸ் போட்டேன். யாரையும் கூப்பிடவில்லை. அபி தானாக வந்து, கொஞ்சம் தள்ளிக் குந்தினாள்.

ஒரு டம்ளரில் நீலம் நூலாக இறங்கி அடியில் குளம் கட்டியது. மற்றதில் மூடிபோட்டதுபோல மேலே நின்றது. அடியில் ஒரு துளி நீலம் இல்லை.

"அம்மா" என்றாள், என்னைப் பார்க்காமல். "ஐஸில உப்பு இல்ல. இந்த டம்ளர்ல உப்பு இருக்கு. உப்புத் தண்ணி கனம். அதனால குளிர்ந்த தண்ணிகூட அதுக்குள்ள போக முடியல. நான் எழுதினது சரி."

"அதை அப்பாகிட்ட சொல்லவாட்டீ?" என்றாள் இசக்கி.

"அவங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

அழியாத மை

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஒரு ஃபிளாஸ்கில் நீல ஐஸ், இரண்டு பாட்டிலில் இரண்டு தண்ணீர், பையில் இரண்டு டம்ளர். பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆசிரியைகள் அறை வாசலில் நின்றேன். உள்ளே ஆறேழு பேர். அறிவியல் எடுக்கும் லிசி டீச்சர்தான் என்னைப் பார்த்து, "அபிநயயுடெ அச்சன் அல்லே? வா சேட்டா" என்றார், அபிநயாவின் அப்பாதானே, வாங்க அண்ணே என்று.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டம்ளர்களை அவர் மேசைமேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, ஐஸைப் போட்டேன். அவசரத்தில் கொஞ்சம் நோட்டுகள்மேல் சிந்தியது. டீச்சர் திட்டவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு கிணற்றுத் தண்ணீர் டம்ளரில் விரல் வைத்து, நான் செய்ததுபோலவே நாக்கில் வைத்தார்.

"அய்யோ! உப்பு!"

"வேலியேற்றம் வந்தப்ப கிணத்துக்குள்ள ஏறிட்டு டீச்சர். அந்தத் தண்ணியத்தான் நான் கொண்டாந்தேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவரும் அன்று அந்த ஹாலில்தான் நின்றிருந்தார். அதை நான் சொல்லவில்லை. அவருக்கே நினைவிருந்தது. "லிஸ்ட் போயல்லோ சேட்டா" என்றார் மெதுவாக. எர்ணாகுளத்துக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியல் போய்விட்டது. அதில் எரிமலையின் பெயர்தான் இருந்தது. இனி யாரிடம் சொல்லியும் மாற்ற முடியாது.

பட்டியலுக்காக நான் வரவில்லை. அபியின் நோட்டு வேண்டும் என்றேன். டீச்சர் ஆள் அனுப்பினார். நோட்டோடு அபியே வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அழித்த இடத்தில் தாள் இன்னும் சுருங்கித்தான் இருந்தது. அதன்மேல் நீலம் அடியில் போனது என்ற வரி. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி. டீச்சர் பேனாவை நீட்டினார். வேண்டாம் என்று, சட்டைப்பையில் இருந்த குறி போடும் பேனாவை எடுத்தேன். எனக்கு மலையாளம் எழுத வராது. தமிழில், ஹோட்டல் விரிப்பில் எழுதும் பெரிய எழுத்தில், அந்த வரியின் கீழே எழுதினேன். மை அடுத்த பக்கத்துக்கும் ஊறியது. என் பெயரை முழுதாகப் போட்டேன்.

"எந்தா எழுதியது?" என்று கேட்டார் டீச்சர். அவருக்குத் தமிழ் தெரியாது. மற்ற டீச்சர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அபிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். வந்து நின்று, விரலை வைத்து, உதடு அசைய ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். இரண்டாவது சொல்லைத் தாண்டியதும் விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லை விட்டுவிட்டு மீதியைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

அவள் டீச்சரைப் பார்த்துத் திரும்பி, மலையாளத்தில், அந்த அறை முழுவதும் கேட்கும்படி, நான் எழுதியதில் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"அன்று நான் பொய் சொன்னேன். நீலம் மேலேதான் நின்றது. என் மகள் கண்டதை நானும் கண்டேன்."

மேசைமேல் இரண்டு டம்ளரிலும் ஐஸ் தீர்ந்திருந்தது.

அபி நோட்டை எடுத்துக்கொண்டாள். மை காய வேண்டும் என்று அதை மூடாமல், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி வாசல்வரை போனாள். அங்கே நின்று, "அப்பா, டம்ளரை மறந்துராதீங்க. அம்மா ஏசும்" என்றாள். பிறகு அந்தப் பக்கத்தை ஊதிக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.